குட்டிகள் ஏன் குவியலாகத் தூங்குகின்றன?

நாய் குட்டி போட்ட வீட்டில் பார்த்திருப்பீர்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்துக் கிடக்கும். காரணம் குளிர். வளர்ந்த நாயின் உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். பிறந்த குட்டிக்கோ 35 முதல் 37 வரைதான். முதல் வாரத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இயலாது. கண்ணும் காதும் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரமாகும். அதுவரை மூக்கும் தோலும்தான் துணை. தலையை ஆட்டி ஆட்டிக் கதகதப்பைத் தேடி ஊர்ந்து போகும் அந்தச் சின்ன உயிர்!

ஆகவே சாரல் படாத மூலையில் சாக்கு விரித்து, மேலே பழைய பருத்திச் சேலையைப் போடுங்கள். விலகிக் கிடந்து கத்தும் குட்டியை உடனே தாயிடம் சேருங்கள். சில்லிட்ட குட்டிக்கு மட்டும் பால் புகட்டிவிடாதீர்கள். உடல் குளிர்ந்தால் குடல் இயக்கம் மந்தமாகி, பால் செரிக்காது. முதலில் மெல்லச் சூடேற்றுங்கள். பிறகு, முதல் நாளுக்குள் தாயின் சீம்பால் கட்டாயம். நோய் எதிர்ப்பாற்றலின் பெரும்பங்கு அதில்தான் வருகிறது.