காற்பந்தாட்ட மானேஜர் ஹெர்பர்ட் சாப்மன்

காற்பந்தாட்டத்தில் வெற்றி ஈட்டியவர் யாவரெனக் கேட்பின், மைதானத்தில் ஓடியாடிய பதினொருவரையே நாம் முதலிற் சுட்டுவோம். அவர்களைத் தேர்ந்து, பழக்கி, இன்னார் இன்னவிடத்தில் நிற்க என வகுத்த மானேஜரை அடுத்தே நினைப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சங்கங்கள் பலவற்றில் அவ்வதிகாரமும் மானேஜருக்கு இல்லை. ஆட்டக்காரரைப் பொறுக்குவோர் டைரக்டர்களே. இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் ஹெர்பர்ட் சாப்மன்.

இவர் 1878-ம் ஆண்டு ஜனவரி 19-ம் நாள், யார்க்ஷயரிலுள்ள கிவெட்டன் பார்க் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். ஷெப்பீல்டு நகரிற் சுரங்கத் தொழில்நூல் கற்றார். பல சங்கங்களில் ஆடியும் ஆட்டக்காரராய்ப் பெரும்புகழ் எய்தினாரல்லர்.

1907-ம் ஆண்டில் நார்தாம்ப்டன் டவுன் சங்கத்தின் மானேஜர் பதவி இவரை அடைந்தது. ஸதர்ன் லீக் பட்டியலின் அடியிற் கிடந்த அச்சங்கம் 1909-ல் அதன் முதலிடத்தைப் பெற்றது. இடைவிடாது தாக்குவதே ஆட்டம் என்று பிறர் எண்ணிய காலத்தில், சாப்மன் தம்மவரைச் சற்றே பின்வாங்கச் செய்தார். எதிரிகள் முன்னேறி வருவர். அவர்களுக்குப் பின்னே வெற்றிடம் உண்டாகும். அவ்விடத்திற் பந்தை விரைந்து செலுத்துதலே அவர் கண்ட உபாயம்.

1912-ல் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த லீட்ஸ் ஸிட்டி சங்கத்திற்குச் சென்றார். அதனையும் அவர் உயர்த்தி வருங்கால் யுத்தம் மூண்டது. 1916 முதல் அவர் பார்ன்போ வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். யுத்த காலத்தில் ஆட்டக்காரருக்கு விதிக்கு மாறாய்ப் பணம் கொடுத்ததாக அச்சங்கத்தின்மேற் குற்றஞ் சாட்டப்பட்டது. கணக்குப் புத்தகங்களைக் காட்ட நிர்வாகிகள் மறுத்தமையால், 1919-ல் சங்கம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. சாப்மனும் ஆட்ட உலகினின்று விலக்கப்பட்டார். அக்காலத்தில் தாம் தொழிற்சாலையில் இருந்ததை எடுத்துக்காட்டி முறையிட்டபின், 1921-ல் அத்தடை நீங்கிற்று. நாற்பது வயதைக் கடந்தபின் அவர் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

அவ்வாண்டே ஹடர்ஸ்பீல்டு டவுன் சங்கம் அவரை ஏற்றது. 1922-ல் எப். ஏ. கோப்பையும், 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் லீக் முதலிடமும் அதற்குக் கிடைத்தன. 1924-ல் கார்டிப் ஸிட்டியும் ஹடர்ஸ்பீல்டும் 57 புள்ளிகளே பெற்றுச் சமமாய் நின்றன. அடித்த கோல்களைப் பெற்ற கோல்களால் வகுத்துப் பார்த்தே முடிவு காணப்பட்டது.

1925-ல் அவர் லண்டனிலுள்ள ஆர்ஸனல் சங்கத்திற்கு வந்தார். அவ்வாண்டே ஆப்ஸைட் விதி மாறியது. பந்தை ஏற்பவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரிகள் மூவர் இருத்தல் வேண்டுமென்ற பழைய விதி, இருவர் போதுமென மாறவே, தாக்குவோர் கை ஓங்கிற்று. அக்டோபர் மாதத்தில் ஆர்ஸனல், நியூகாஸிலிடம் ஏழு கோல்களில் தோற்றது. நடுவில் நின்று தாக்கவும் காக்கவும் செய்த சென்டர் ஹாப் ஆட்டக்காரரைப் பின்காப்பாளர் இருவர்க்கும் இடையே நிறுத்தலாமென ஆட்டக்காரர் சார்ல்ஸ் புக்கன் யோசனை கூறினார். சாப்மன் அதனை ஏற்று, நாளடைவில் அணி முழுவதையும் அதற்கேற்ப அமைத்தார். முன்னணி ஐவர் ஆங்கில எழுத்து டபிள்யூ போலவும், பின்னணி ஐவர் எம் போலவும் நின்றமையால் அவ்வகுப்பு அப்பெயர்களாலேயே வழங்கலாயிற்று. ஆயினும் பயன் உடனே விளையவில்லை. ஐந்தாண்டு சென்றபின், 1930-ல், தம் பழைய சங்கமாகிய ஹடர்ஸ்பீல்டையே வென்று அவர் ஆர்ஸனலுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 1931, 1933 ஆகிய ஆண்டுகளில் லீக் முதலிடமும் வந்தது.

1934-ம் ஆண்டு ஜனவரி 6-ம் நாள், நிமோனியாக் காய்ச்சலால், 55-ம் வயதில் அவர் காலமானார்.

இனி ஒன்று கருதத்தக்கது. ஹடர்ஸ்பீல்டு தொடர்ந்து மூன்றாம் முறை முதலிடம் பெற்றது 1926-ல். அப்போது சாப்மன் அங்கில்லை. ஆர்ஸனல் 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் வென்று தன் மூன்றை நிறைவேற்றியது. அப்போது சாப்மன் உயிரோடில்லை. சட்டையில் எண் பொறித்தலை அவர் 1928-ல் செய்து பார்த்தார்; லீக் அதனை விதியாக்கியது 1939-ல். மைதானத்தில் அவர் நாட்டிய மின்விளக்குகளின்கீழ் ஆடக் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. முதல் லீக் ஆட்டம் விளக்கொளியில் நடந்தது 1956-ல். தன் கண்முன்னே வெற்றி பெறும் தலைவர் பலர் உளர். தாம் அகன்ற பின்னும் தளராத அணியை இரண்டிடத்தில் அமைத்தவர் அரியர். அணித்தலைமை ஏற்கும் மாணவர், இவ்வாண்டுக் கோப்பையோடு, அடுத்த ஆண்டு யார் ஆடுவர் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராயின், சாப்மன் வரலாற்றைப் படித்த பயன் பெற்றவராவர்.