கட்டுப்பணம் குறைவு, வெள்ளம் இல்லை

2016 செப்டம்பர் 16ஆம் திகதி இரவு கிளிநொச்சி பொதுச் சந்தை எரிந்தது. புடவைக் கடைகளும் பழக்கடைகளும் அடுத்தடுத்துப் பற்றிக்கொண்டபோது, மாவட்டத்தில் தீயணைப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. மீள்குடியேறிய பிறகு கடன்பட்டு நிமிர்ந்த குடும்பங்களின் முதல் ஒரே இரவில் சாம்பலானது. அதன் பிறகு அந்த வியாபாரிகளுக்கு மிஞ்சியது கொழும்பைப் பார்த்துக் காத்திருப்பதுதான். அமைச்சு என்ன தரும், எப்போது தரும், யார் பட்டியலில் பெயர் வரும்?

இரண்டு வருடம் கழித்து, 2018 டிசம்பரில், இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரை ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மாரி வந்தால் வன்னியில் ஏதோ ஒரு மூலையில் கடைக்குள் தண்ணீர் ஏறும் என்பதை இனி எதிர்பாராத நிகழ்ச்சி என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் பிறகும் ஏ9 வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் வெதுப்பகங்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் பெரும்பாலும் கேட்கும் பதில், "இன்சூரன்ஸ் எங்களுக்குக் கட்டாது" என்பதுதான். சிறு உணவு வியாபாரிக்குக் கட்டாத காப்புறுதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கட்டுப்பணம் கூடிய காப்புறுதி அல்ல. குறைந்த கட்டுப்பணத்துக்கு வாங்கி, வெள்ளம் வந்த பிறகு எடுத்துப் பார்க்கையில் வெள்ளம் என்ற சொல்லே இல்லாத பத்திரம்தான் வன்னியில் ஒருவர் வாங்கக்கூடிய மிக விலை கூடிய பத்திரம்.

கடைக்கான சாதாரண தீக் காப்புறுதியின் அடிப்படை, தீயும் மின்னலும்தான். புயல், வெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, வெடிப்பு, வாகனம் மோதுதல், வேண்டுமென்று செய்யும் சேதம், களவு ஆகியவை மேலதிகமாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பணம் கொஞ்சம் ஏறும். போட்டிக்கு நிற்கும் முகவர் விலையைக் குறைத்துக் காட்ட முதலில் கழற்றுவது இவற்றைத்தான். அதனால் முகவரிடம் "வருசத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்பே "வெள்ளம் உண்டா?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு அக்கா" என்ற பதிலை ஏற்காதீர்கள். பத்திரத்தின் அட்டவணைப் பக்கத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் தரும்படி கேளுங்கள். முடியாது என்றால் வெள்ளம் சேர்ந்திருக்கிறது என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். பரந்தன் சந்திப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டீப் பிறீசர், காஸ் அடுப்புகள், கொத்து ரொட்டித் தட்டு, மேசை கதிரை, அரிசி, மா, எண்ணெய், குளிர்பானப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 20 இலட்சம் ரூபா பெறுமதி. கட்டுப்பணம் குறையட்டும் என்று உரிமையாளர் 10 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்கிறார். வெள்ளத்தில் 4 இலட்சம் ரூபாச் சாமான் போகிறது. 10 இலட்சம் வரை காப்பு இருக்கிறதே, 4 இலட்சமும் முழுதாக வரும் என்று அவர் நினைப்பார். வராது. பெறுமதியில் பாதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே இழப்பிலும் பாதிதான் என்று நிறுவனம் கணக்குப் போடும். அதற்கான நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கும். 4 இலட்சம் 2 இலட்சமாகிவிடும். அதிலும் முதல் பகுதியை நீங்களே தாங்க வேண்டும் என்ற கழிவு உண்டு. வெள்ளத்துக்கு அது வழக்கமாகத் தீயைவிடக் கூடுதலாக இருக்கும். 10 வீதம் என்று வைத்தால் கைக்கு வருவது 1 இலட்சத்து 80 ஆயிரம். 4 இலட்சம் இழந்த ஒருவருக்கு இது. இந்தக் கணக்கை முகவர் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த உரிமையாளர் வேறு தொகையைத் தெரிவு செய்திருப்பார்.

கட்டுப்பணத்துக்கு மேல் என்னென்ன சேர்கிறது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணம், 2022 ஒக்டோபரிலிருந்து 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி. வற் வரிக்குப் பதிவு செய்த பெரிய நிறுவனம் தான் கட்டிய வற்றைக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு. பதிவில்லாத தேத்தண்ணிக் கடைக்கு அது முழுச் செலவு. ஒரே காப்புக்குப் பெரியவரைவிடச் சிறியவர் உண்மையில் கூடக் கட்டுகிறார் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிறு வியாபாரக் காப்புறுதிக்கு வற் விலக்கு கேட்பது வர்த்தகர் சங்கங்கள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை. அதுவரை, விலை கேட்கும்போது வரியெல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைக் கேளுங்கள். மூன்று நிறுவனங்களிடமாவது எழுத்தில் வாங்கி, ஒரே காப்புகளுக்கு என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி, வன்னியில் நிறையப் பேரை ஏமாற்றும் ஒரு நம்பிக்கை. "லோன் எடுக்கேக்க இன்சூரன்சும் வெட்டினவங்கள். கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கு." நுண்கடனில் வெட்டும் அந்தச் சிறு தொகை பெரும்பாலும் கடன் எடுத்தவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பு. கடை எரிந்தால் அதற்கும் அந்தக் காப்புக்கும் சம்பந்தமே இல்லை. பிறீசர் போய்விடும், கிழமைத் தவணை மட்டும் போகாது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வரும் அளவுக்கு அந்தக் கடன் குடும்பங்களை நெரித்தது. அப்படிப்பட்ட கடனின் மேல் காப்பில்லாத கடை நிற்பது இரட்டை ஆபத்து. வங்கிக் கடனென்றால் கதை கொஞ்சம் வேறு. வங்கி கடைக்கே காப்புறுதி கேட்கும், ஆனால் நட்டஈடு முதலில் வங்கியின் பாக்கிக்குப் போகும்படி பத்திரத்தில் எழுதியிருக்கும். அதுவும் கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளேயிருக்கும் சாமானுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். கட்டடத்துக்கு மட்டும் என்றால் வெள்ளத்தில் போன அரிசிக்கும் மாவுக்கும் ஒரு சதமும் வராது.

சந்தைக் கட்டடம் பிரதேச சபையினுடையது. பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களின் கட்டடங்களும் அரச துறையுடையவை. தனக்குச் சொந்தமில்லாத, இழந்தால் தனக்குப் பண நட்டம் வராத பொருளை ஒருவர் காப்புறுதி செய்ய முடியாது. ஆகவே வாடகைக் கடைக்காரர் கட்டடத்துக்குக் கட்டுப்பணம் கட்டி வீணாக்க வேண்டாம். சாமான், உபகரணம், தான் போட்ட இராக்கை, மின்வேலை ஆகியவற்றுக்கு மட்டும் செய்தால் தொகை கணிசமாக இறங்கும். குறைக்க வேண்டுமென்றால் குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

உணவுக் கடைக்கென்றே இரண்டு ஆபத்துகள் உண்டு. சாப்பிட்டவருக்கு வருத்தம் வந்து அவர் வழக்குப் போட்டால், பொதுப் பொறுப்புக் காப்புறுதியில் உணவு நஞ்சாதல் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால்தான் நிறுவனம் பக்கத்தில் நிற்கும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போடும் தண்டப்பணத்தை எந்தக் காப்புறுதியும் கட்டாது. மற்றது குளிர்சாமான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மின் தடையில் கெட்டுப்போன இறைச்சி, ஐஸ்கிறீமுக்குச் சாதாரணக் கடைக் காப்பு பொருந்தாது. கெட்டுப்போகும் சரக்குக்கான காப்பு தனி.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. கொதி எண்ணெய் கொட்டிப் பொடியனின் கை வெந்தால், பிழை யாருடையது என்று பாராமல் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியிருக்கிறது. நாட்சம்பளத்துக்கு நிற்பவர் என்று சொல்லி இதிலிருந்து கழன்றுகொள்ள முடியும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று பேரை வைத்திருக்கும் கடைக்கு இந்தக் காப்பைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன், தீக்கும் முன்பாக. அடிபடுவது சாமான் அல்ல, ஒரு குடும்பத்தின் உழைப்பாளி.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பும் தனியானது. 1987இல் அரசே அதற்கு ஒரு நிதியம் தொடங்கியது. இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. போர் எப்போதும் விலக்கு. வன்னி அதை 2009இல் முழுதாக அறிந்துகொண்டது.

படிவம் நிரப்பும்போது உண்மையை மறைக்காதீர்கள். கூரை தகரமா கிடுகா, போறணைக்கு விறகா காஸா, முன்பு வெள்ளம் ஏறியதா, பக்கத்துக் கடையில் மண்ணெண்ணெய் விற்கிறார்களா? கட்டுப்பணம் ஏறும் என்று முகவரே "இல்லை" என்று எழுதச் சொல்லலாம். கையொப்பம் உங்களுடையது, இழப்பு வரும்போது அந்தப் பொய்யைக் காட்டி நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சிலிண்டரைச் சமையலறைக்கு வெளியே வைப்பது, தீயணைப்புக் கருவி வாங்குவது, சரக்கை நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குவது போன்றவற்றைச் சொல்லி விலை குறைக்கக் கேட்கலாம். பணத்தை முகவரின் கையில் கொடுத்தால் நிறுவனத்தின் பற்றுச்சீட்டை வாங்குங்கள். துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது பற்றுச்சீட்டு அல்ல.

காப்பு எடுக்கும் காலமும் முக்கியம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லத் தொடங்கிய பிறகு எந்த நிறுவனமும் வெள்ளக் காப்பு தர முன்வராது. ஒக்டோபருக்கு முன்பே பத்திரம் கையில் இருக்க வேண்டும்.

இழப்பு நடந்த அன்றே நிறுவனத்துக்கு அறிவியுங்கள், எழுத்திலும். தீயென்றால் பொலிஸ் முறைப்பாடு. வெள்ளமென்றால் கிராம அலுவலரின் கடிதம். அதே கடிதம் அரச உதவிக்கும் வேண்டும். வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் ஓர் அனர்த்தத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை என்று 2016இல் அரசு இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டமொன்றைத் தொடங்கியது. அரச நட்டஈட்டின் விதிகளும் தொகையும் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும், ஆனால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு இல்லாதவர் பட்டியலுக்குள் வரப் படும் பாடு மாறுவதில்லை. நனைந்த மாவையும் அரிசியையும் மணக்கிறதே என்று உடனே கொட்டிவிடாதீர்கள். மூட்டைகளை எண்ணிப் படம் எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, மனித நுகர்வுக்குப் பொருந்தாது என்று அவர் எழுதித் தந்த பிறகு அழியுங்கள். அந்தத் தாள் மதிப்பீட்டாளர் முன் நிற்கும் வலுவான சான்று. கொள்வனவு பில்களை மாதம் ஒருமுறை கைபேசியில் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். பில் புத்தகமும் கடையோடுதான் எரியும்.

நட்டஈட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு சரிவராவிட்டால், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார், கட்டணமில்லை. அவர் விசாரிக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு, காலமும் ஓடும். ஆகவே மறுப்புக் கடிதம் வந்த கிழமையே எழுதத் தொடங்குங்கள். அதற்கு மேல் நீதிமன்றம். "ஃபுல் அன்ட் ஃபைனல்" என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையொப்பம் வைத்தால் இந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடிவிடும்.

சந்தைக்குள் கடை வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் மாதம் தவறாமல் வாடகை கட்டும் கட்டடத்தைப் பிரதேச சபை காப்புறுதி செய்திருக்கிறதா, எவ்வளவுக்கு, வெள்ளம் சேர்த்தா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதை ஒரு பக்கக் கடிதத்தில் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும்.