கன்னி சீசன் காளைகள்: தெரியுமா உங்களுக்கு?

ஆறடிக்கு மேல் உயரம். நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடை. பந்து அசைந்த மறுகணம் பாய்ச்சல்! எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைத் தரையில் சாய்த்தாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் மூன்று வினாடிகூட இல்லை! சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக். அமெரிக்க ஃபுட்பாலில் இந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் டிஃபென்சிவ் லைன்மேன்கள்.

இவர்களில் புதிதாக வருகிற ரூக்கிகளில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று கணித்து, ஏலம்போலப் பங்கிட்டு அணி சேர்த்து, வாராவாரம் புள்ளி எண்ணும் ஃபேன்டஸி லீக்குகள் உண்டு. தனித்தனி தடுப்பாட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இந்த வகைக்கு ஐ.டி.பி. லீக் என்று பெயர். உள்ளே நுழைந்தால் ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம். கேளுங்கள்!

முதல் ஃபேன்டஸி லீகிலேயே இவர்கள் இருந்தார்கள், தெரியுமா?

இன்று பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளில் ஓர் அணியின் தடுப்பாட்டம் முழுவதையும் ஒரே மூட்டையாகத்தான் எடுக்க முடியும். தனி ஆட்களை எடுப்பது ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று நினைப்போம். இல்லவே இல்லை! 1962இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து இந்த விளையாட்டுக்கு விதி வகுத்தார். 1963இல் ஆட்டக்காரர்களைப் பங்கிடும் முதல் டிராஃப்ட் நடந்தது. அந்த ஆதி விதிப்படியே ஒவ்வொருவர் அணியிலும் இரண்டு டிஃபென்சிவ் லைன்மேன்கள் இருந்தாக வேண்டும்!

23 சாக் எடுத்தவர் சாதனைப் பட்டியலில் இல்லை, தெரியுமா?

1978. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்குப் புதிதாக வந்தவர் அல் ‘பப்பா’ பேக்கர். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் அணிகள் புதியவர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். முதல் சீசனிலேயே 23 சாக்! ஆனால் என்.எஃப்.எல். சாக்குகளை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982இல்தான். பழைய ஆட்டங்களை அலசி ஆய்வாளர்கள் திரட்டிய பட்டியலில் அவர் ஜொலிக்கிறார், ஏட்டில் இடமில்லை. ஏட்டின்படி ரூக்கி சாதனை டென்னசி டைட்டன்ஸ் அணியின் ஜெவான் கர்ஸ் 1999இல் எடுத்த 14.5 சாக்.

இதில் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1982 முதல் இத்தனை வருஷங்களில், ஆண்டுதோறும் டஜன்கணக்கில் லைன்மேன்கள் வந்தும், உச்சம் 14.5தான். ‘இந்தப் பையன் முதல் வருஷமே 15 அடிப்பான்’ என்று யாராவது சத்தியம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

4.5 சாக் எடுத்தவருக்கு விருது, தெரியுமா?

2024. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி 19ஆவது தேர்வாக எடுத்த ஜாரெட் வெர்ஸ், சீசன் முழுக்க எடுத்தது வெறும் 4.5 சாக். ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட ரூக்கி விருது அவருக்கே! எப்படி?

அவர் குவார்ட்டர்பேக்கை விரட்டிக்கொண்டே இருந்தார். கை படுவதற்கு ஒரு நொடி முன்னால் பந்து பறந்துவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி விரட்டி அவசரப்படுத்துவதை ‘பிரஷர்’ என்று தனியாக எண்ணுகிறார்கள். பிரஷர் என்பது லைன்மேனின் திறமையைக் காட்டும். அது சாக்காக முடிவதில் குவார்ட்டர்பேக்கின் நிதானம், பின்கள வீரர்களின் காவல், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே பிரஷர் நிறைய, சாக் குறைவு என்ற ரூக்கியைப் பார்த்தால் விடாதீர்கள். அவருடைய விலை ஏறப்போகிறது!

ஒரே ஆட்டக்காரர் ஒரு லீகில் மேலே, இன்னொரு லீகில் கீழே, தெரியுமா?

புள்ளிக் கணக்கு லீகுக்கு லீக் மாறும். அந்த மாற்றம் தலைகீழாக்கும் வேலையைப் பாருங்கள். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவதற்கு டேக்கிள் என்று பெயர். வெர்ஸின் முதல் சீசனில் 66 டேக்கிள், 4.5 சாக். டெட்ராய்ட்டின் ஐடன் ஹட்சின்சன் 2022இல் தன் முதல் சீசனில் எடுத்தது 52 டேக்கிள், 9.5 சாக்.

டேக்கிளுக்கு 1 புள்ளி, சாக்குக்கு 2 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். வெர்ஸுக்கு 75, ஹட்சின்சனுக்கு 71. வெர்ஸ் முன்னால்! அதே சாக்குக்கு 5 புள்ளி கொடுத்தால்? வெர்ஸுக்கு 88.5, ஹட்சின்சனுக்கு 99.5. அப்படியே கவிழ்ந்துவிட்டது! விதிப்புத்தகத்தைப் படிக்காமல் டிராஃப்ட் மேஜையில் உட்காருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவர்தான்.

ஒரே ஆண்டில் இரண்டு இடத்துக்கும் இவரே சிறந்தவர், தெரியுமா?

காலில் மாக் 2014இல் ரெய்டர்ஸ் அணியில் ரூக்கி. எடுத்தது 4 சாக். அடுத்த ஆண்டு 15! அந்த 2015இல் நிகழ்ந்ததுதான் அதிசயம். டிஃபென்சிவ் எண்ட், அவுட்சைட் லைன்பேக்கர் என்ற இரண்டு இடங்களுக்கும் சீசனின் சிறந்தவர்களைப் பட்டியலிடும் அசோசியேட்டட் பிரஸ்ஸின் முதல் ஆல்-புரோ அணியில் அவரே தேர்வானார். ஒரே ஆண்டில் இரண்டு இடத்திலும் இப்படித் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர்தான்!

ஃபேன்டஸி ஆடுபவர்களுக்கு இதுதான் தலைவலி. விளிம்பிலிருந்து பாயும் வீரரை ஒரு லீக் ‘டி.எல்.’ என்று லைன்மேன் கணக்கில் வைக்கும்; இன்னொன்று ‘எல்.பி.’ என்று லைன்பேக்கர் கணக்கில் தள்ளும். லைன்பேக்கர்கள் மைதானம் முழுக்க ஓடி டேக்கிளைக் குவிப்பவர்கள். அந்தக் கூட்டத்தில் சாக்கை மட்டும் நம்பும் ஆள் காணாமல் போவார். அதே ஆள் லைன்மேன் பட்டியலில் இருந்தால் ராஜா! முன்னணி ரூக்கி ஒருவரை எடுப்பதற்கு முன், உங்கள் லீக் அவருக்கு என்ன முத்திரை குத்தியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

37 முறை பளு தூக்கியவர் எடுத்த சாக் பூஜ்யம், தெரியுமா?

ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் ‘கம்பைன்’ என்ற சோதனை முகாம் நடக்கும். சுமார் 102 கிலோ பளுவைப் படுத்தபடியே எத்தனை முறை தூக்குகிறார், 40 கஜத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறார் என்றெல்லாம் அளப்பார்கள். 2008இல் வெர்னன் கோல்ஸ்டன் அந்தப் பளுவை 37 முறை தூக்கினார். கல்லூரியில் முந்தைய சீசனில் 14 சாக் வேறு. நியூயார்க் ஜெட்ஸ் அணி 6ஆவது தேர்வாக அள்ளிக்கொண்டது. என்.எஃப்.எல். வாழ்க்கை முழுவதிலும் அவர் எடுத்த சாக் எத்தனை? ஒன்றுகூட இல்லை!

1995இல் மைக் மமுலா கம்பைன் சோதனைகளில் பிரமிக்க வைத்தார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், டாம்பா பே அணியோடு இடம் மாற்றிக்கொண்டு முன்னால் வந்து 7ஆவது தேர்வாக அவரை எடுத்தது. பின்னால் போன டாம்பா பே 12ஆவதாக எடுத்தது வாரன் சாப்பை. மமுலாவுக்கு மொத்தம் 31.5 சாக், சாப்புக்கு 96.5 சாக், போதாக்குறைக்குப் புகழ் மண்டபத்தில் இடம்!

மறுபக்கமும் உண்டு. டெரல் சக்ஸ் கல்லூரியில் ஒரே சீசனில் 24 சாக் எடுத்து சாதனை படைத்தவர். ஓட்டப் பரிசோதனையில் மெதுவாக ஓடிவிட்டார். 2003 டிராஃப்டில் 10ஆவதாகப் போனார். முதல் சீசனில் 12 சாக், சிறந்த தடுப்பாட்ட ரூக்கி விருது! அப்படியானால் அளவெல்லாம் வீணா? அதுவும் இல்லை. ஆரன் டொனால்ட் உயரம் போதாது என்று பேசப்பட்டவர். 129 கிலோ உடம்போடு 40 கஜத்தை 4.68 வினாடியில் கடந்தார். கல்லூரி ஆட்டமும் ஓட்டமும் ஒரே கதையைச் சொல்லின. 2014இல் 13ஆவது தேர்வு, 9 சாக், விருது. இரண்டும் ஒத்துப்போனால் நம்புங்கள். கம்பைன் மட்டும் தனியாகக் கத்தினால் சந்தேகப்படுங்கள்.

4ஆவது தேர்வை 106ஆவது தேர்வு முந்தியது, தெரியுமா?

அதுவும் ஒரே அணியில், ஒரே ஆண்டில்! 2019இல் ரெய்டர்ஸ் 4ஆவது தேர்வாக எடுத்தது கிளெலின் ஃபெரலை. நான்காம் சுற்றில், 106ஆவதாக, ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற சிறிய பல்கலைக்கழக அணியிலிருந்து எடுத்தது மேக்ஸ் கிராஸ்பியை. சீசன் முடிவில் ஃபெரலுக்கு 4.5 சாக், கிராஸ்பிக்கு 10!

உயர்ந்த தேர்வு என்பதற்கு மதிப்பே இல்லை என்று அர்த்தமல்ல. கோடி கோடியாகக் கொட்டி எடுத்தவரை அணி களத்தில் இறக்கியே தீரும், வாய்ப்பு கிடைக்கும். ஆனால் சீசன் தொடங்கி சில வாரங்கள் ஆனதும் டிராஃப்ட் எண்ணை மறந்துவிட வேண்டும். பார்க்க வேண்டியது ஸ்னாப் கணக்கு: அணி ஆடிய மொத்த ஆட்டத் துண்டுகளில் இவர் எத்தனைக்குக் களத்தில் இருந்தார்? லைன்மேன்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். அந்தச் சுழற்சியில் வாராவாரம் பங்கு கூடுகிறவர்தான் நமக்கு வேண்டிய ஆள்.

பத்தில் நான்கு ஒரே நாளில், தெரியுமா?

கிராஸ்பியின் அந்த 10 சாக்கில் 4, சின்சினாட்டிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை! ஹட்சின்சனின் 9.5இல் 3, வாஷிங்டனோடு ஆடிய தன் இரண்டாவது ஆட்டத்தில் வந்தவை. சாக் அடைமழைபோல ஒரே நாளில் கொட்டிவிட்டுப் பல வாரம் வறண்டு கிடக்கும். வாரம் ஒருவரோடு மோதும் லீகில் அந்த வறட்சி வாரங்கள் கழுத்தை அறுக்கும். ஓட்டத்தைத் தடுத்து வாரம் மூன்று நான்கு டேக்கிள் தரும் லைன்மேன்தான் அப்போது கைகொடுப்பார். மூன்று சாக் செய்தி பார்த்த இரவே அள்ளிப் பறக்காதீர்கள்!

முதல் பாய்ச்சலிலேயே சாக், தெரியுமா?

2017இன் முதல் தேர்வு மைல்ஸ் காரெட். காயத்தால் சீசனின் முதல் நான்கு ஆட்டங்கள் போயின. ஐந்தாவதில் இறங்கினார். தொழில்முறை வாழ்க்கையின் முதல் ஸ்னாப்பிலேயே சாக்! 11 ஆட்டங்களில் 7. அதற்கு முந்தைய ஆண்டு ஜோயி போசாவும் இப்படித்தான்: முதல் நான்கு ஆட்டங்கள் இல்லை; மீதி 12இல் 10.5 சாக், கூடவே விருது. 2002இல் ஜூலியஸ் பெப்பர்ஸ் ஆடியதும் 12 ஆட்டம்தான், எடுத்ததும் 12 சாக்! மொத்தத்தைப் பார்க்காதீர்கள், ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். நான்காவது வாரம் பொறுமையிழந்து யாரோ கைவிட்ட ரூக்கியை ஐந்தாவது வாரம் நீங்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம்.

ஒற்றை சாக்கில் தொடங்கியவர் 22.5 எடுத்தார், தெரியுமா?

மைக்கேல் ஸ்ட்ராஹன், 1993, நியூயார்க் ஜயன்ட்ஸ். முதல் சீசனில் ஒரே ஒரு சாக். 2001இல் 22.5! ஜே.ஜே. வாட் 2011இல் 5.5, மறு ஆண்டே 20.5. டிராவன் வாக்கர் 2022 டிராஃப்டின் முதல் தேர்வு, ரூக்கியாக 3.5 மட்டுமே, அடுத்த ஆண்டு 10. ஆட்டக்காரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீக்குகளில் தங்கம் தோண்டும் நேரம் இதுதான். முதல் சீசன் முடிந்து, பெயர் மங்கி, விலை விழுந்து கிடக்கும் அந்த மாதங்கள்!

ஆனால் எல்லோரும் ஏறுமுகமல்ல. சேஸ் யங் 2020இல் 7.5 சாக், விருது. அடுத்த ஆண்டு முழங்கால் காயம், 1.5 சாக்.

நடுவில் நிற்பவர்கள் தாமதமாகப் பழுப்பார்கள், தெரியுமா?

விளிம்பில் நிற்பவருக்கு ஓடி வளைய இடமுண்டு. நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிளை இரண்டு பேர் சேர்ந்து அமுக்குவார்கள். அவர் அப்படி இருவரைக் கட்டிவைத்தால் அணிக்கு லாபம். உங்கள் ஃபேன்டஸி கணக்கில் பூஜ்யம்! கன்சாஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸ் 2016இல் ரூக்கியாக எடுத்தது 2 சாக். 2018இல் 15.5, அதுவும் தொடர்ந்து 11 ஆட்டங்களில் சாக்! 2010இல் முதல் சீசனிலேயே 10 சாக் எடுத்த டெட்ராய்ட்டின் இண்டாமுகன் சூ போன்றவர்கள் அபூர்வம். லீகில் டிஃபென்சிவ் டேக்கிளுக்குத் தனி இடம் இருந்தாலொழிய நடுக்காரரை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

பந்தைப் பின்னால் அனுப்ப வந்தவர் புகழ் மண்டபம் ஏறினார், தெரியுமா?

2004, நான்காம் சுற்று, 126ஆவது தேர்வு. ஐடஹோ ஸ்டேட்டிலிருந்து வந்த ஜாரெட் ஆலன். உதைப்பவருக்காகக் கால்களுக்கிடையே பந்தை நீளமாகப் பின்னால் தள்ளும் ‘லாங் ஸ்னாப்பர்’ வேலைக்கும் ஆகுமே என்பது அவரை எடுத்ததற்கு ஒரு காரணம்! அந்த ஆள் முதல் சீசனில் 9 சாக். 2011இல் 22. மொத்தம் 136. 2025இல் புகழ் மண்டபம்!

ஆக, அடுத்த ரூக்கி டிராஃப்டில் உட்காரும்போது கேட்க வேண்டியவை ஐந்து: என் லீகில் சாக்குக்கு எத்தனை புள்ளி? இவர் டி.எல்.லா, எல்.பி.யா? வாராவாரம் ஸ்னாப் கூடுகிறதா? சாக் இல்லாவிட்டாலும் பிரஷர் இருக்கிறதா? ஒரு வருஷம் காத்திருக்க என் அணியில் இடமுண்டா? ஐந்துக்கும் விடை வைத்திருப்பவர் முதல் சுற்றில் பெரிய பெயர்களுக்கு அடித்துக்கொள்ளத் தேவையில்லை. கடைசிச் சுற்றில், எல்லோரும் மேஜையை விட்டு எழுந்திருக்கும் நேரத்தில்கூட, ஒரு 106ஆவது தேர்வோ 126ஆவது தேர்வோ மிச்சமிருக்கும்!