பசும்பாலும் பால்மாவும்

நமுனுகுல மலையடியிலுள்ள தோட்டங்களில் ஒரு வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். லயத்துப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர் காலையில் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றிவிடுவார். தம் பிள்ளைகளுக்குக் கடையில் பால்மா வாங்குவார். 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பொதி, 2022 மார்ச்சில் 790 ரூபாவானது. அப்போது பதுளைப் பக்கத்து நம் உம்மாமாரும், "பால்மா இல்லாட்டி புள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிற?" என்று கலங்கினார்கள். எனவே பசும்பால் மனிதருக்கு எந்த அளவில் உணவு என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

கால்நடைகளிடமிருந்து கிடைக்கும் தூய பாலை ஒரு படிப்பினையாக சூரா அந்நஹ்லின் 66ஆவது வசனம் சுட்டுகிறது. ஆகவே, அது ஹலாலான, நல்ல உணவு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எல்லா வயதினருக்கும் அது ஒரே மாதிரிப் பொருந்தாது.

100 மில்லிலீட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 3.3 கிராம் புரதம் உண்டு. தாய்ப்பாலில் சுமார் 1 கிராம்தான். வேகமாக வளரும் கன்றுக்கு அந்தச் செறிவு தேவை; சிசுவின் சிறுநீரகத்துக்கு அது சுமை. பசும்பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. எனவே ஒரு வயதுக்கு முன் பசும்பாலோ சாதாரண பால்மாவோ தாய்ப்பாலுக்கு ஈடாகாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுடன் 2 வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அல்பகராவின் 233ஆவது வசனமும் இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது.

வளர்ந்தவர்களில் பலருக்குப் பாலிலுள்ள லக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். பால் குடித்தால் வயிறு ஊதும், கழியும். தயிராக உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றிவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது.

400 கிராம் பால்மாவைக் கரைத்தால் சுமார் 3 லீட்டர் பால்தான் வரும். வீட்டில் மாடிருந்தால், ஒரு வயது கடந்த பிள்ளைகளுக்கு வேண்டியதை எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டு மீதியை விற்கலாம். மாடில்லாத வீட்டில் குரக்கனும் முள்ளோடு தின்னும் நெத்தலியும் கல்சியம் தரும். முட்டையும் பருப்பும் புரதம் தரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

பால் ஒரு நிஃமத். கிடைத்தால் அளவோடு பருகுவோம். பால்மாப் பொதி வாங்க முடியாத வீட்டிலும் பிள்ளை நன்றாக வளரும்.