மருமானின் வாக்குச் சீட்டு

பிரிட்டனில் வசிக்கும் இந்தியர், இந்தியக் குடியுரிமையை விடாமலே அந்நாட்டுப் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் கிட்டிய உரிமை அது. என் தமக்கையின் மகன் லெஸ்டர் நகரில் வேலை பார்க்கிறான். 2015-ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு அவன் தொலைபேசியில் கேட்ட கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது.

"மாமா, யூகிப் கட்சிக்கு வாக்களித்தால் என்ன?"

ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் விலக வேண்டும் என்பதற்காகவே 1993-இல் தோன்றிய கட்சி அது. 2014-இல் நடந்த ஐரோப்பியப் பார்லிமெண்டுத் தேர்தலில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. குடியேறி வருவோரைக் கட்டுப்படுத்துவதே அதன் பெரிய முழக்கம். அங்கே குடியேறியவன் அதற்கு வாக்களிப்பதா என்று கேட்டேன்.

அவன் சொன்ன காரணம் அற்பமானதன்று. திருச்சியில் தனியே இருக்கும் தாயைத் தன்னிடம் வரவழைக்க அவன் முயன்றான். 2012-இல் கடுமையாக்கப்பட்ட விதிப்படி, அன்றாடக் காரியங்களுக்கே பிறர் துணை வேண்டிய நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும். அத்துணை இந்தியாவில் கிடைக்காது, கிடைத்தாலும் அதற்குச் செலவிட வழியில்லை என்றும் நிரூபிக்க வேண்டும். அக்காளோ தன் சமையலைத் தானே செய்து கொள்கிறாள்! அடுத்த வீட்டுப் போலந்துக்காரரின் தாய் யாரையும் கேளாமல் வந்து சேர்ந்தாள். ஐரோப்பியருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கும் ஒரே விதி என்றது யூகிப். தகுதிக்கேற்ப மதிப்பெண் அளித்து ஆட்களை அனுமதிக்கும் ஆஸ்திரேலிய முறையையும் சொல்லிற்று. அவன் மனம் அங்கே சாய்ந்தது.

"ஒரே விதி என்றால் உன்னை மேலே தூக்குவார்களா, அவரைக் கீழே இறக்குவார்களா? அதைக் கேட்டாயா?" என்றேன். தேர்ச்சி பெறாத தொழிலாளர் குடியேறுவதை ஐந்தாண்டுகள் நிறுத்தி வைப்பதும் அதே அறிக்கையில் இருந்தது. 1960-களின் இறுதியில் பம்பாயில் வாழ்ந்த நம்மவருக்கு அந்தக் குரல் புதிதன்று.

அத்தேர்தலில் யூகிப் சுமார் 39 லட்சம் வாக்குகள் பெற்றும் ஒரே ஓர் இடந்தான் வென்றது. நம் நாட்டிலும் இதே தேர்தல் முறைதான் என்பதை இங்கே நினைத்துக் கொள்ளலாம். ஆனால் அதன் கொள்கை தோற்கவில்லை. 2016 ஜூன் 23-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவிகிதத்தினர் விலகலை ஆதரித்தனர். அன்று என் மருமானுக்கு வாக்கு இருந்தது. ஆண்டுக்கணக்காக அங்கே வரி செலுத்திய போலந்துக்காரருக்கு இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது என்று பின்னர் சொன்னான். யாருக்கு வாக்களித்தான் என்பதை மட்டும் இன்றளவும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

2021 ஜனவரி முதல் இருவருக்கும் ஒரே விதி வந்துவிட்டது. புதிதாக வரும் போலந்துக்காரரும் இனி விசா கேட்டு நிற்க வேண்டும். பெற்றோரைப் பற்றிய அந்த 2012-ஆம் ஆண்டு விதியின் கடுமை மட்டும் தளரவில்லை. அக்காள் திருச்சியிலேயே இருக்கிறாள். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அவன் அழைப்புக்காகத் தொலைபேசியின் அருகே உட்கார்ந்து விடுகிறாள்.