வெயில் வராத பால்கனிக்கு என்ன செடி?

நர்சரியில் பூத்துக் குலுங்கும் ரோஜாத் தொட்டியைப் பார்த்தால் கை தானாக நீளும். வீட்டுக்கு வந்த முதல் வாரம் இருக்கிற மொட்டுகள் விரியும். அடுத்த மாதம் இலைகள் பழுக்கும். அதற்கடுத்த மாதம் குச்சிதான் மிஞ்சும். எதிர் பிளாக்கின் நிழலில் கிடக்கும் சென்னை அடுக்குமாடி பால்கனிகளில் ஆண்டுதோறும் நடப்பது இதுதான். ரோஜாவுக்கு தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மல்லிகை, செம்பருத்தி, தக்காளி, கத்தரி எல்லாமே அந்த ரகம்தான். வெயில் குறைந்ததை உரம் போட்டு ஈடுகட்ட முடியாது.

எனவே செடி வாங்கப் புறப்படும் முன் பால்கனியின் திசையைப் பார்க்க வேண்டும். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமாகவே நகரும். அதனால் அக்னி நட்சத்திரத்தில் ஊரே கொதிக்கும்போது தெற்கு பால்கனிக்குள் நேரடி வெயில் எட்டிப் பார்க்காது. தை மாதத்தில் அதே பால்கனியில் வெயில் உள்ளே நுழைந்து கதவு வரை வரும். வடக்கு பால்கனியில் எல்லாம் தலைகீழ். மே, ஜூனில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை சுத்தமாகக் கிடையாது.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. வடக்கு பால்கனியில் வெயிலே இல்லாத மாதங்களும் அவைதான். காற்றில் ஈரம், மண்ணில் ஈரம், இலைக்கு வெளிச்சம் இல்லை. அப்போதும் கோடையில் ஊற்றிய அளவே தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். இலை வாடுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார்கள். நிழல் பால்கனியில் தாகத்தால் சாகும் செடியைவிடத் தண்ணீரால் சாகும் செடியே அதிகம்.

வெளிச்சத்தை அளக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். நண்பகலில் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் தாளை விரித்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்ட வேண்டும். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல் விழுந்தால் வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது. ஓரம் மங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அந்த மூலையில் எதை வைத்தாலும் உயிர் பிழைத்திருக்குமே தவிர வளராது. டிசம்பரில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நடுத்தர நிழலுக்கு முதல் பரிந்துரை வெற்றிலை. கொடிக்கால் விவசாயிகள் முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில்தான் கொடியை ஏற்றுகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையும் இப்படி நிழலில் தழைக்கும் கொடிதான். அவர்கள் பாடுபட்டு உண்டாக்கும் நிழல், அடுக்குமாடிக் குடித்தனக்காரருக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. மூன்று நான்கு கணுக்கள் உள்ள ஒரு தண்டும் பத்து அங்குலத் தொட்டியும் போதும். தேங்காய் நார் சுற்றிய கம்பை நட்டு, நாரை ஈரமாக வைத்திருந்தால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் வெள்ளை வேர்கள் கிளம்பி நாரைக் கவ்வுவதைப் பார்க்கலாம். கவ்விய பிறகு வரும் இலைகள் பெரிதாகும். அனல்காற்று மட்டும் இதற்கு ஆகாது.

வல்லாரைக்கும் ஈரமான அரைநிழல் பிடிக்கும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் படர விட்டால் துவையலுக்கு ஆகும். பிரியாணிக்கு மணம் தரும் ரம்பை இலையும் வளரும். புதினா, கற்பூரவள்ளி இரண்டுக்கும் காலை வெயில் சிறிதாவது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு நீண்டு, இலை சிறுத்துப்போகும்.

கண்ணுக்கு அழகாக வேண்டும் என்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆந்திராவின் கடியம் பகுதிப் பண்ணைகளில் பச்சை நிழல்வலையின் கீழ் வளர்ந்த அக்லோனிமா, சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் சென்னை நர்சரிகளுக்கு லாரிகளில் வருகின்றன. நிழலில் பூக்கும் செடி கேட்பவர்களுக்கு பீஸ் லில்லிதான் சரி. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இசட் இசட் பிளான்ட் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவலையில்லாமல் விட்டுச்செல்லலாம். ஸ்னேக் பிளான்ட்டும் அப்படித்தான். மணி பிளான்ட்டின் மஞ்சள் வரிகள் இருட்டில் மங்கி இலை முழுப் பச்சையாகிவிடும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அதற்குப் பச்சையம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. குரோட்டன்ஸின் சிவப்பும் இப்படியே போகும் என்பதால் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

நர்சரிச் செடிகள் பெரும்பாலும் கோகோ பீட் நிரம்பிய பையில் வரும். மொட்டைமாடி வெயிலில் அது வரம். நிழலில் நாள்கணக்கில் உலராது. செம்மண், மணல், மண்புழு உரம் கலந்து, அதில் கோகோ பீட்டைக் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். பிளாஸ்டிக்கைவிட ஈரம் கசியும் மண்தொட்டி நல்லது. தண்ணீர் ஊற்ற நாள் கணக்கு வேண்டாம்; விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் ஊற்றலாம். தொட்டியை வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பி வைத்தால் செடி ஒரே பக்கம் சாயாது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிறந்தவீடு. முட்டை கொசுவாக ஏழெட்டு நாட்கள் போதும். தட்டைக் கொட்டிக் கழுவினால் மட்டும் போதாது, அழுத்தித் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாது. கண்ணாடி பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட்டுக்கும் இது பொருந்தும். பாட்டில் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுவதில் சோம்பல் கூடாது.

தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மணி பிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம், பீஸ் லில்லி, டைபன்பேக்கியா எல்லாம் சேம்பின் குடும்பம். சேப்பங்கிழங்கில் நாக்கை அரிக்க வைக்கும் அதே ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். இவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, தரையில் ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன் போன்ற நச்சில்லாத செடிகளை வைக்கலாம். ஃபெர்னுக்கு மட்டும் கோடையில் மண் காயவே கூடாது.