உங்களுக்குத் தெரியுமா? மரச்சில்லு சங்கதிகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்தபோது, வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கிடந்தன. தாம்பரம் தெருக்களிலும் அதே கோலம்தான். அடிமரம் விறகுக்குப் போனது, இலையும் சுள்ளியும் குப்பை லாரிக்கு. தோட்டக்காரர் கணக்கில், லாரியில் போனதுதான் உசத்திச் சரக்கு.

ஏனென்றால் தழைச்சத்தும் தாது உப்புகளும் அடிமரத்தைவிடச் சிறு கிளையில்தான் அதிகம். கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், 7 செ.மீ.க்கு மேல் தடிக்காத கிளைகளையே சில்லாக்கி மண்ணில் இட்டார்கள்.

அப்படிப்பட்ட கிளைகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன் மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க ஈ.பி. ஆட்கள் வருவார்கள். "அண்ணா, இதை இங்கேயே போட்டுட்டுப் போங்க" என்றால் போதும், அவர்களுக்கும் சுமை மிச்சம். முருங்கை, பூவரசு, வேம்பு எல்லாம் பச்சையாக இருக்கும்போதே அரிவாளால் விரல் நீளத்துக்கு நறுக்கிவிடுங்கள். காய்ந்த வேம்போடு மல்லுக்கட்டினால் தோள்பட்டைதான் போகும்.

மரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 400 பங்கு கரிச்சத்து உண்டு. மண்ணோடு கலந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை மரத்தூளைத் தொட்டி மண்ணில் பிசைந்து கத்தரி நட்டேன். மூன்றாம் வாரம் அடியிலை வெளுத்தது. பிறகு செடி முழுக்க மஞ்சள். அதே தூளை மண்மேல் மூடாக்காகப் பரப்பியிருந்தால் இந்த வம்பு பெரிதாக வந்திருக்காது. மேலே போடுங்கள், உள்ளே புதைக்காதீர்கள். தரையில் 3 அங்குலம், தொட்டியில் 1 அங்குலம், தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடைவெளி.

மரவாடியிலும் தச்சுப் பட்டறையிலும் கிடைக்கும் இழைப்புச் சுருளும் மூடாக்குக்கு ஆகும். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "பிளைவுட் கலந்திருக்கா?" பிளைவுட், எம்.டி.எஃப். தூளில் பசை உண்டு. பெரும்பாலும் அது யூரியா பார்மால்டிஹைடு. கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம்.

சனடோரியம் மெப்ஸ் மாதிரி ஏற்றுமதி நடக்கும் இடங்களில் சரக்கு ஏற்றும் மரப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை உடைத்துச் சில்லாக்க நினைத்தால், முதலில் அவற்றில் இருக்கும் கோதுமைக் கதிர் முத்திரையைப் பாருங்கள். பக்கத்தில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், பூச்சியைக் கொல்ல மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைத் தொடாதீர்கள்.

தென்னை வைத்திருப்பவர்கள் மரச்சில்லை மாதக்கணக்கில் குவித்து வைக்கக் கூடாது. மக்கும் மரமும் எருக்குழியும் காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடும் இடங்கள். குவியலைக் கிளறும்போது, கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு பாதி வட்டமாகச் சுருண்டு கிடந்தால் அதுவாக இருக்கலாம். வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைக் குடையும். பிறகு விரியும் மட்டை, கத்தரியால் வெட்டிய காகிதம் போல இருக்கும். பரப்பிவிட்டால் இந்தத் தொல்லை குறைவு.

கறையான்? வரும். அதற்கு வேண்டியது காய்ந்த மரம். தெம்பான செடியை அவ்வளவாகச் சீண்டாது. உங்கள் வாசல் நிலையை விடாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே பரப்புங்கள்.

கடைசியாக, மரம் மிதக்கும்! 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அன்று முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பாத்தி என்ன, காம்பவுண்டே கண்ணில் படவில்லை. தாழ்வான மனை என்றால் ஐப்பசிக்கு முன்பே சில்லை வாரிச் சாக்கில் கட்டி மாடியில் ஏற்றிவிடுங்கள். மழை ஓய்ந்து, தை பிறந்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே திரும்பப் பரப்புங்கள். காய்ந்த மண்மேல் பரப்பினால், நீங்கள் ஊற்றும் தண்ணீரைச் சில்லுதான் முதலில் குடிக்கும்.